வங்கி கவுண்ட்டரிலிருந்து கோர்ட்டுக்கு வருகிறவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள கூடைப்பந்து ஆட்டக்காரர்களுக்கு,



இந்த மடல் உங்களில் யாரோ ஒருவருக்கு மட்டும் எழுதியது அல்ல. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, இந்தியன் வங்கி, தெற்கு ரயில்வே, ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை, வருமான வரித்துறை என்று ஏதாவது ஓர் அலுவலகத்தின் அடையாள அட்டையைப் பகலில் கழுத்தில் மாட்டிக்கொண்டு, சாயங்காலம் அதே பெயர் போட்ட பனியனோடு கோர்ட்டில் இறங்குகிறீர்களே, உங்கள் எல்லோருக்கும்தான். நான் மந்தைவெளிக்காரன். கூடைப்பந்து ஆடியவனில்லை. அதற்கான உயரமும் கிடையாது, மூச்சும் கிடையாது. தி.நகரில் இருக்கும் என் அக்கா மகளை 2022 ஏப்ரலில் உங்கள் ஆட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போன தாய்மாமன், அவ்வளவுதான் எனக்குத் தகுதி.

அந்தப் பெண்ணுக்கு அப்போது பத்து வயது. பள்ளியில் பேஸ்கட்பாலில் சேர்த்திருந்தார்கள். அமெரிக்க ஆட்டக்காரர் ஸ்டெஃப் கரி பாதி மைதானத்திலிருந்து பந்தை வீசிவிட்டு, அது வளையத்துக்குள் போகிறதா என்றுகூடப் பார்க்காமல் திரும்பி நடக்கும் காட்சிகளை அம்மாவின் போனில் போட்டுப் போட்டுப் பார்ப்பாள். ஒருநாள் கேட்டாள்: "மாமா, இதை நேர்ல பார்க்கணும்னா எங்க போகணும்?"

அமெரிக்கா என்று சொல்லி முடித்திருக்கலாம். மும்பை என்றும் சொல்லியிருக்கலாம். 2019 அக்டோபரில் அமெரிக்காவின் என்.பி.ஏ. லீக்கின் இரண்டு அணிகள் மும்பை வொர்லியில் உள்ள என்.எஸ்.சி.ஐ. அரங்கில் வந்து ஆடின, சாக்ரமென்டோ கிங்ஸும் இண்டியானா பேசர்ஸும். முதல் நாள் ஆட்டத்தைப் பார்க்க மும்பைப் பள்ளிப் பிள்ளைகள் மூவாயிரம் பேருக்கு மேல் அழைத்து உட்கார வைத்தார்கள். நல்ல காரியம். கூடுதல் நேரம் வரை இழுத்துக்கொண்டு போய் 132-131 என்று ஒரே புள்ளியில் முடிந்த ஆட்டம் வேறு. அந்தப் பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள். ஆனால் அது ஊருக்கு வந்துபோன சர்க்கஸ் மாதிரி. கூடாரத்தைப் பிரித்தால் அங்கே ஒன்றும் மிச்சமிருக்காது.

அவள் அப்படிக் கேட்ட சமயத்தில்தான் 71-வது சீனியர் தேசியக் கூடைப்பந்துப் போட்டி சென்னைக்கு வந்தது, பெரியமேடு நேரு உள்விளையாட்டரங்கில். அக்காவுக்கு அவ்வளவாகச் சம்மதமில்லை. "கிரிக்கெட்னா சேப்பாக்கம் கூட்டிட்டுப் போ, நானும் வரேன். இதுல யாரைத் தெரியும் நமக்கு?" என்றாள். நியாயமான கேள்விதான். உங்களில் ஒருவர் பெயரைக்கூட எங்கள் வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறிப் பார்க் டவுனில் இறங்கி, சென்ட்ரல் நெரிசலுக்குள் புகுந்து நடந்து போனோம். யாரைப் பார்க்கப் போகிறோம் என்று தெரியாமல் ஒரு விளையாட்டுக்குப் போவதில் ஒரு சௌகரியம் உண்டு. யார் நன்றாக ஆடினாலும் கைதட்டலாம்.

முன்வரிசையில் உட்கார்ந்தோம். மயிலாப்பூரில் வளர்ந்தவர்களுக்கு மார்கழி மத்தியானக் கச்சேரிகள் தெரியும். சாயங்காலக் கச்சேரிக்குச் சீட்டு வாங்கி நாற்பதாவது வரிசையில் உட்காருகிறவர், மத்தியானம் போனால் மிருதங்கக்காரர் சுருதி சேர்ப்பதைக்கூடப் பக்கத்தில் பார்க்கலாம். உங்கள் ஆட்டமும் அப்படித்தான் கிடைத்தது எங்களுக்கு. டி.வி.யில் தெரியாத விஷயங்களெல்லாம் அந்தத் தூரத்தில் தெரிந்தன. மரத்தரையில் ஷூ தேய்ந்து எழும் கிரீச் சத்தம் ஆட்டம் முழுக்க ஓய்வதே இல்லை. ஃப்ரீ த்ரோ போடும் முன் ஒவ்வொருவருக்கும் ஒரு பழக்கம்: ஒருவர் பந்தைத் தரையில் தட்டுகிறார், ஒருவர் உருட்டிப் பார்க்கிறார், ஒருவர் எதுவும் செய்யாமல் மூச்சை மட்டும் விடுகிறார். கணுக்காலைச் சுற்றிய டேப்பின் நுனி பிரிந்து தொங்குகிறது. டைம் அவுட்டில் கோச் பலகையில் கோடு போட்டு விளக்கும்போது அதைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர் எல்லா அணியிலும் இருக்கிறார்!

என் மருமகள் எதைப் பார்த்தாள் தெரியுமா? தரை துடைக்கிற பையனை. ஒருவர் பந்துக்காகப் பாய்ந்து விழுந்தால், எழுந்து போன இடத்தில் உடம்பு அளவுக்கு வியர்வை ஈரம் கிடக்கும். விசில் ஊதியதும் கோட்டுக்கு வெளியே குந்தியிருந்த ஒரு பையன் துண்டோடு ஓடி வந்து, முட்டி போட்டுத் துடைத்துவிட்டு, உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு, ஓடிப்போய் மறுபடி குந்திக்கொள்வான். ஈரம் மிச்சமிருந்தால் அடுத்து அங்கே காலை வைப்பவருக்கு முட்டி போய்விடும். இதை நான் விளக்கிச் சொன்ன பிறகு அவளுக்கு ஆட்டத்தின் பாதி அவன்தான். "மாமா, அந்த அண்ணா இன்னும் அங்க துடைக்கல" என்று ஒருமுறை கத்தியே விட்டாள். நடுவருக்குக் கேட்டதோ என்னவோ, பையனுக்குக் கேட்டுவிட்டது. ஓடி வந்தான்.

அந்த வாரம் பார்த்த ஒரு லீக் சுற்று ஆட்டத்தில், பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்திருந்த ஒருவரை நான் மறக்கவில்லை. நாற்பது நிமிட ஆட்டத்தில் முப்பத்தைந்து நிமிடம் அவர் உள்ளே போகவே இல்லை. யார் வெளியே வந்தாலும் எழுந்து நின்று கைகொடுப்பார், தண்ணீர் பாட்டிலை நீட்டுவார், துண்டை விரித்துத் தோளில் போடுவார். முடிவு தெரிந்துவிட்ட கடைசி நிமிடங்களில் கோச் அவரை இறக்கினார். ஓரத்திலிருந்து ஒரு ஷாட் போட்டார். வளையத்தின் முன்பக்கம் பட்டு வெளியே வந்துவிட்டது. பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் எழுந்து கைதட்டினார்கள். அவரும் சிரித்துக்கொண்டே டிஃபென்ஸுக்கு ஓடினார். உங்கள் பெயர் என்னவென்று பார்த்துவைக்கத் தோன்றவில்லை, சார். உங்களுக்குத்தான் முதல் நன்றி. அடுத்த வாரம் பள்ளி அணியில் தன்னைச் சப்ஸ்டிட்யூட்டாகப் போட்டிருக்கிறார்கள் என்று சொன்னபோது இவள் அழவில்லை. "நான்தான் எல்லாருக்கும் தண்ணி குடுக்கணும்" என்றாள், ஏதோ பதவி கிடைத்த மாதிரி.

அரங்கில் அவள் கேட்ட இன்னொரு கேள்விதான் இந்த மடலுக்குக் காரணம். ஆறரை அடியைத் தாண்டிய ஒரு சென்டர் ஆட்டக்காரர் எங்களைக் கடந்து போனார். "மாமா, இவர் என்ன வேலை பார்க்கிறார்?" என்றாள். நான் அக்கம்பக்கத்தில் விசாரித்து, "பேங்க்ல" என்றேன். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பேங்க்ல எப்படி உட்காருவார்? காலை எங்க வைப்பார்?"

எங்கே வைப்பீர்களோ! ஆனால் அந்த நாற்காலிதான் இந்த ஊரில் கூடைப்பந்தைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்பது பிறகு கொஞ்சம் படித்து, கொஞ்சம் கேட்டுத் தெரிந்துகொண்ட விஷயம். விளையாட்டு ஒதுக்கீட்டில் வங்கியும் ரயில்வேயும் வருமான வரித்துறையும் ஆளெடுக்கின்றன. வேலை கிடைத்துவிட்டது என்று வீட்டில் நிம்மதி. ஆட்டத்தை விடவேண்டாம் என்று உங்களுக்கு நிம்மதி. தமிழ்நாடு அரசும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு வைத்திருக்கிறது. இதெல்லாம் இல்லையென்றால் இருபத்தொரு வயதில் கல்லூரி முடிந்த கையோடு ஷூவைப் பரணில் போட்டிருப்பீர்கள். எத்தனையோ பேர் போட்டுமிருக்கிறார்கள்.

லீக்குகள் வராமலில்லை. 2015-இல் யூ.பி.ஏ. என்றொரு லீக் வந்தது. சென்னை ஸ்லாம் என்று நமக்கும் ஓர் அணி இருந்தது. சில பருவங்களுக்குள் அந்த லீக் நின்றுபோனது. பிறகு ஐ.என்.பி.எல். வந்தது. அதன் முதல் பருவத்தில், 2023 ஜனவரியில், சென்னை ஹீட் கோப்பையை வென்றது. இறுதி ஆட்டம் நடந்தது பெங்களூரில். சென்னை ஜெயித்ததைச் சென்னைப் பிள்ளைகள் போனில் பார்த்தார்கள். லீக்குகளை நான் குறை சொல்லவில்லை. விளக்கும் பாட்டும் வரட்டும், உங்கள் கையில் நாலு காசு சேரட்டும். அது உங்களுக்கு வரவேண்டிய காசுதான். ஆனால் லீக் மூடிய மறுநாள் உங்களுக்குப் போக ஓர் அலுவலகம் இருந்தது, அலுவலகத்துக்கு ஓர் அணி இருந்தது, அணிக்குக் காலை ஆறு மணிப் பயிற்சி இருந்தது. இந்த ஊர்க் குழந்தை நேரில் போய்ப் பார்க்க ஓர் ஆட்டம் மிச்சமிருப்பதற்கு அந்தக் காலை ஆறு மணிதான் காரணம் என்பது என் கட்சி.

சென்னைத் தேசியப் போட்டியின் பெண்கள் இறுதி ஆட்டத்தில் இந்திய ரயில்வேயும் தெலங்கானாவும் மோதின. ரயில்வே வென்றது. மருமகளுக்கு ஒரு குழப்பம்: "எல்லாம் ஸ்டேட் பேரா இருக்கு, நடுவுல ரயில்வேன்னு ஒரு ஸ்டேட்டா?" அவள் கேட்டதில் தப்பில்லை. நாடு முழுக்க நன்றாக ஆடும் பெண்களுக்கு வேலை கொடுத்து, அவர்களை ஒரே அணியாக இறக்குகிறது ரயில்வே. பிறகு ஜெயிக்காமல் என்ன செய்யும்? சொந்த மாநிலம் வளர்த்த பெண் சொந்த மாநிலத்துக்கு எதிராகவே ஆடுவார். இதில் தமிழ்நாட்டுக்கு நஷ்டம் உண்டு. ஆனால் ஒரு பெண் முப்பது வயதைத் தாண்டியும் கோர்ட்டில் நிற்க வேண்டுமென்றால் இன்றைக்கு இருக்கும் பெரிய வழி அதுதான்.

அனிதா பால்துரை, உங்களைப் பற்றி அவளுக்குச் சொன்னது அப்போதுதான். சென்னையில் வளர்ந்தவர், தெற்கு ரயில்வேக்காரர், பத்தொன்பது வயதில் இந்திய அணிக்குக் கேப்டன். ஆசியச் சாம்பியன்ஷிப் போட்டிகளில் மட்டும் ஒன்பது முறை இந்தியாவுக்காக ஆடியவர். குழந்தை பிறந்த பிறகு திரும்பி வந்து, 2017-இல் பெங்களூரில் நடந்த பெண்கள் ஆசியக் கோப்பை 'பி' பிரிவில் இந்தியா வென்றபோது அணியில் இருந்தவர். 2021-இல் பத்மஸ்ரீ. இவ்வளவையும் சொல்லி முடித்ததும் அவள் கேட்டது: "அவங்க பையனோ பொண்ணோ, மேட்ச் அப்போ யார்கிட்ட இருக்கும்?" பத்மஸ்ரீயைவிட அதுதான் அவளுக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தவர், "பாட்டிகிட்டதான்மா, வேற யாருகிட்ட" என்று பதில் சொன்னார். உங்கள் வீட்டில் எப்படியோ எனக்குத் தெரியாது. ஆனால் அந்த வரிசையில் இருந்த பெண்களுக்கெல்லாம் அந்தப் பதில் புரிந்தது. உங்களுக்கும், உங்களுக்குப் பிறகு வந்த பெண்களுக்கும், உங்கள் வீடுகளில் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்ட எல்லாப் பாட்டிகளுக்கும் நன்றி.

ஆண்கள் இறுதி ஆட்டத்தில் தமிழ்நாடு பஞ்சாபை வீழ்த்தியது. பஞ்சாப்காரர்களின் உயரம் பேர்போனது. நம்மவர்கள் வேகத்தை நம்பி ஆடினார்கள் என்று பின்வரிசை நிபுணர் ஒருவர் எனக்கு வகுப்பே எடுத்தார். சொந்த ஊரில் தேசியக் கோப்பை என்பதால் கத்தலுக்குப் பஞ்சமில்லை. "டிஃபென்ஸ்! டிஃபென்ஸ்!" என்று கத்தி மறுநாள் இவளுக்குத் தொண்டை கட்டி, பனங்கற்கண்டும் மிளகும் கொடுத்து, எனக்கு அக்காவிடம் திட்டு.

இந்த ஆட்டம் நம் பக்கத்துக்குப் புதிதில்லை என்பதையும் இவளுக்குச் சொல்லிவைத்தேன். 1891-இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர், பனிக்காலத்தில் உள்ளே அடைபட்ட மாணவர்களுக்காக இரண்டு பீச் பழக்கூடைகளைப் பத்தடி உயரத்தில் அறைந்து கண்டுபிடித்த விளையாட்டு இது. கூடைக்கு அடியில் ஓட்டை கிடையாது. பந்து விழுந்தால் ஏறித்தான் எடுக்க வேண்டும். அந்தப் பத்தடி இன்றும் மாறவில்லை. அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் என்பவர்தான் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரியைத் தொடங்கினார். தி.நகரிலிருந்து அடையாறு போகும்போது நந்தனத்தில் நாம் தாண்டிப் போகும் கல்லூரி. அங்கே படித்து வெளியே வந்த பி.டி. மாஸ்டர்கள் ஊர் ஊராகப் போய்ச் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். உங்களில் பலரை முதன்முதலில் உயரம் பார்த்து, "டேய், நீ வா இங்க" என்று கூப்பிட்டிருப்பவர் அப்படியொரு பி.டி. மாஸ்டராகத்தான் இருப்பார். அவர்களுக்கும் சேர்த்தே இந்த நன்றி. தமிழ்நாட்டிலிருந்து போன முயின் பெக் இந்திய அணிக்கே தலைமை தாங்கியிருக்கிறார் என்றால், அதற்குப் பின்னால் எங்கேயோ ஒரு சுண்ணாம்பு டப்பா இருக்கிறது.

நன்றியோடு ஒரு குறையும் உண்டு. அது உங்கள் மீது இல்லை. இதே சென்னையில் எத்தனையோ வாரங்கள் நீங்கள் எங்கேயோ ஒரு கோர்ட்டில் ஆடிக்கொண்டிருக்கிறீர்கள், எங்களுக்குத்தான் தெரிவதில்லை. பெரியகுளத்தில் பாருங்கள்: மே மாதம் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் அகில இந்தியப் போட்டி என்றால் ஊருக்கே திருவிழா. ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் குடும்பம் குடும்பமாக வந்து உட்காருவார்கள். கோயம்புத்தூரில் நாச்சிமுத்து கவுண்டர் கோப்பை என்றால் வ.உ.சி. பூங்காப் பக்கம் போகிற ஆட்டோக்காரருக்கும் தெரியும். அங்கெல்லாம் போய்க் கோப்பையைத் தூக்கும் அணிகளில் பல நம் சென்னை அலுவலகங்களுடையவை. உள்ளூரில் நீங்கள் ஆடும்போது மட்டும் கேலரியில் சக ஊழியர் பத்துப் பேரும் தோற்றுப்போன முந்தைய அணியும்தான்.

மயிலாப்பூரில் கச்சேரிக்கு நோட்டீஸ் வருகிறது, உற்சவத்துக்கு வருகிறது, புடவைத் தள்ளுபடிக்குத் தினமும் வருகிறது. உங்கள் ஆட்டத்துக்கும் ஒன்று அடித்து லஸ் முனையிலும் பனகல் பார்க்கிலும் அடையாறு டெப்போவிலும் ஒட்டச் சொல்லுங்கள். அணிப் பெயர், மைதானம், நேரம், இந்த மூன்று வரி போதும். உங்கள் வங்கிக் கிளைகளின் வாசலிலேயே ஒட்டலாமே! பாஸ்புக் பதிவு செய்ய நிற்கும் நேரத்தில் படித்துவிட்டுப் போவோம். இன்னொன்று: விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆளெடுப்பதை நிறுத்திவிடாதீர்கள் என்று உங்கள் மேலதிகாரிகளிடம் ஒரு வாடிக்கையாளர் கேட்டுக்கொண்டதாகச் சொல்லுங்கள். எனக்கு உங்கள் இரண்டு வங்கிகளிலும் கணக்கு இருக்கிறது, கொஞ்சம் உரிமையோடுதான் கேட்கிறேன்.

இதைப் படிக்கும் அப்பா அம்மாக்களுக்கும், மாமா அத்தைகளுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த முறை சென்னையில் கூடைப்பந்துப் போட்டி என்று பேப்பரில் ஒரு மூலையில் பார்த்தால், வீட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். விதிகள் தெரியாவிட்டால் பரவாயில்லை. பின்வரிசையில் ஒரு நிபுணர் இருப்பார், அவரே சொல்லுவார். முடிந்தால் முன்வரிசையில் உட்காருங்கள்.

இப்படிக்கு,
மந்தைவெளியிலிருந்து ஒரு தாய்மாமன்